குழலுக்குள் ஒரு வரலாறு

(பி.ஏ. வரலாறு, 1972–75 அணி)

மலர்க் குழுவினர் போனில் கூப்பிட்டு, "சார், நீங்க வரலாறு படிச்சவர், மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க" என்றார்கள். படித்தது வரலாறு, பார்த்தது முப்பத்தைந்து வருஷம் வங்கி உத்தியோகம். லெட்ஜரைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? யோசித்துப் பார்த்ததில், நம் கல்லூரி மைதானத்தில் ஆரம்பித்து இங்கிலாந்தில் முடிந்த ஒரு கதை ஞாபகம் வந்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றிய கதை. பயப்படாதீர்கள், யாரையும் சுடப் போவதில்லை!

என்.சி.சி. நாட்கள்

எங்கள் காலத்தில் என்.சி.சி.யில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் தேசபக்தியால் சேர்ந்தார்கள். மீதிப் பேர் பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி மசாலுக்காகச் சேர்ந்தார்கள். நான் எந்தப் பாதி என்பதை என் அணி நண்பர்கள் அறிவார்கள். ஆயுதங்கள் வைத்திருந்த 'கோத்' அறையிலிருந்து .303 ரைஃபிளை வாங்கித் தோளில் வைத்தால் சுமார் நாலு கிலோ. மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவதற்குள் அது நாற்பது கிலோ ஆகிவிடும்.

பரேடு முடிந்ததும் துடைத்துக் கொடுக்க வேண்டும். 'புல்த்ரூ' என்ற கயிற்றில் துணித்துண்டைக் கட்டிக் குழலுக்குள் விட்டு இழுப்போம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார், துடைத்த குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்வார். உள்ளே ஐந்து பள்ளங்கள், முறுக்குக் கம்பி மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும். "இந்தப் புரி இருந்தாத்தான் ரைஃபிள். குண்டைச் சுழல வச்சு நேரா அனுப்பும். புரி இல்லேன்னா அது வெறும் குழாய். துப்பாக்கியை வெளியில பார்க்காதே, உள்ளே பாரு" என்பார். எதற்கும் உதவாத பாடம் என்று அன்று நினைத்தேன்.

அந்த ரைஃபிளின் பிடிக்குக் கீழே, இரும்பில் ஒரு கிரீடமும், ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்துகளும், ஒரு வருஷமும் பொறித்திருக்கும். நாடு விடுதலை பெற்று இருபத்தைந்து வருஷம் கழிந்தும் ஜார்ஜ் மன்னர் எங்கள் தோளில் உட்கார்ந்திருந்தார்! அதைப் பற்றியும் அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. யோசனையெல்லாம் பூரியில்தான்.

பரண் மேலே ஆட்டின் ராஜா

1973 தீபாவளி விடுமுறையில் என் வகுப்புத் தோழன் ஒருவனின் ஊருக்குப் போனேன். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். பழைய காலத்து வீடு. பரணில் எதையோ தேடப் போய், சாக்கில் சுற்றிய ஒரு நீளமான துப்பாக்கியை அவன் இறக்கினான். என் நெஞ்சளவுக்கு மேல் உயரம். கட்டை பூச்சி அரித்திருந்தது. இரும்பு முழுக்கத் துரு. பக்கவாட்டு இரும்புத் தகட்டில் துணியால் தேய்த்ததும் ஒரு முத்திரை தெரிந்தது. இதய வடிவம், அதை நாலாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆங்கில எழுத்து. "என்னடா, துப்பாக்கியில ஆட்டின் ராஜா!" என்று சீட்டாட்டக்காரர்கள் இருவரும் சிரித்தோம்.

அவனுடைய அப்பத்தா ஓடி வந்தார். "அய்யா, அதைத் தொடாதீக. போலீசுக்குத் தெரிஞ்சா வம்பு" என்று வாங்கி மறுபடியும் சாக்கில் சுற்றினார். அவ்வளவுதான். அடுத்த பொங்கலுக்குள் வீட்டுப் பெரியவர்கள் பயந்துபோய்க் கட்டையை அடுப்புக்கும், இரும்பைப் பழைய இரும்புக்காரருக்கும் போட்டுவிட்டார்கள். கல்லூரியில் அவன் இதைச் சொன்னபோது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரலாறு படித்த மாணவன் நான்!

லீட்ஸில் ஒரு பெரியவர்

2014-ல் மகனைப் பார்க்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போயிருந்தேன். அங்கே 1996-இல் திறந்த ராயல் ஆர்மரீஸ் என்ற பெரிய ஆயுத அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம் என்றால் ஓய்வு பெற்ற வங்கிக்காரன் விடுவானா? மூன்று நாள் தொடர்ந்து போனேன். இதைக் கேள்விப்பட்டு, மகன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு பெரியவர் என்னைத் தேநீருக்கு அழைத்தார். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பொழுதுபோக்கு, இந்தியாவில் பயன்பட்ட பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பது.

எனக்கு முதலில் கொஞ்சம் உதறல்தான். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். பிரிட்டனில் 1968-ஆம் வருஷச் சட்டப்படி, மிகப் பழைய துப்பாக்கியை அரும்பொருளாக, அலங்காரமாக மட்டும் வைத்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் 1898 முடிவதற்குள் செய்யப்பட்டது 'பழம்பொருள்' என்று அந்நாட்டு மத்திய சட்டம் கோடு போட்டிருக்கிறது. அதனால் இந்த இரண்டு நாடுகளிலும் இதற்கென்றே சங்கங்கள், ஏலங்கள், தடித்தடியான புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன.

"சுடுவீர்களா?" என்று கேட்டேன். "இல்லை, படிப்பேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஓர் உண்மையான சேகரிப்பாளர் துப்பாக்கியைப் பழைய பத்திரம் படிப்பது போலப் படிக்கிறார். பூட்டுத் தகட்டில் யார் செய்தது, எந்த வருஷம். குழலில் சோதனை முத்திரை. கட்டையில் எந்தப் படைப்பிரிவு. ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே எண் இருக்கிறதா, அல்லது நாலு துப்பாக்கியை உடைத்து ஒன்று செய்ததா? மணல்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த துப்பாக்கிக்கு அவர்களிடம் மதிப்பே கிடையாது. தேய்க்கும்போது எழுத்தும் போய்விடுகிறதே!

போலிகளும் உண்டு. கைபர் கணவாய்ப் பக்கம் தாரா ஆதம் கேல் ஊர்க் கைவினைஞர்கள், கையாலேயே ஆங்கிலேயத் துப்பாக்கியை அச்சாகச் செய்வதில் வல்லவர்கள். ஆங்கிலம் தெரியாமல் எழுத்தை வெறும் படமாகப் பார்த்துப் பொறிப்பதால், 'என்ஃபீல்டு' என்பதில் வரும் எழுத்து சில சமயம் கண்ணாடியில் தெரிவது போல் திரும்பி நிற்கும். விக்டோரியா மகாராணியின் முத்திரை போட்டு, அதற்குக் கீழே அவர் காலமான 1901-க்குப் பிந்தைய வருஷத்தைப் போட்டிருப்பார்கள்! 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்குப் போன மேலைநாட்டுச் சிப்பாய்கள் பலர், கடைத்தெருவில் இப்படிப்பட்டவற்றை நம்பி வாங்கி ஏமாந்தார்கள்.

ஒரே உருவம், இரண்டு மனசு

பிறகு அந்தப் பெரியவர் அலமாரியிலிருந்து இரண்டு துப்பாக்கிகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அதே நீளம், அதே கட்டை, குழலைக் கட்டையோடு பிடிக்கும் அதே மூன்று பட்டைகள். "வித்தியாசம் சொல்லுங்கள்" என்றார்.

முதலாவது 1853 மாதிரி என்ஃபீல்டு. .577 அங்குலக் குழல். ஆமாம், 1857-க்கு நெருப்பு வைத்ததே, அந்தக் கொழுப்புத் தடவிய தோட்டா, அது இந்தத் துப்பாக்கிக்கு உரியதுதான். 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம்மில் கிளம்பிய பசு, பன்றிக் கொழுப்புப் பேச்சு, மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டேயின் கையில் வெடித்தது. மே 10-இல் மீரட்டில் பெரும் கிளர்ச்சியானது. இதையெல்லாம் நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்தப் புதிய ரைஃபிள் சிப்பாய்களில் மிகச் சிலர் கைக்குத்தான் அதுவரை வந்திருந்தது. கிளர்ச்சி செய்தவர்களில் பெரும்பாலோர் புரியில்லாத பழைய மஸ்கட்டோடு போரிட்டார்கள். எதிரே வெள்ளைக்காரப் படையிடம் என்ஃபீல்டு ரைஃபிள். இது பாடப்புத்தகத்தில் இல்லை.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சட்டென்று ஹவில்தார் ஞாபகம் வந்தது. "உள்ளே பாரு!" பெரியவரிடம் சிறிய டார்ச் விளக்கு வாங்கி, முதல் குழலுக்குள் பார்த்தேன். மூன்று புரிகள் மெதுவாகச் சுற்றிப் போயின. இரண்டாவதில் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வழவழவென்று, தண்ணீர்க் குழாய் போல.

பெரியவர் தலையை ஆட்டினார். "இது 1857-க்குப் பிறகு உங்கள் நாட்டுச் சிப்பாய்களுக்காகவே செய்தது" என்றார்.

நண்பர்களே, விஷயம் இதுதான். கிளர்ச்சியை அடக்கிய பிறகு, இந்தியச் சிப்பாயிடம் இனி நல்ல ரைஃபிளைக் கொடுக்கக் கூடாது என்று ஆட்சியாளர்கள் முடிவு செய்தார்கள். முதலில் 1858 மாதிரி. என்ஃபீல்டின் குழலை உள்ளே சுமார்.65 அங்குலத்துக்குக் குடைந்து, புரியில்லாமல் செய்தார்கள். சுவர் மெலிந்துபோய்க் குழல் தாங்காததால், அடுத்து 1859 மாதிரி. அதில் தடித்த குழல். வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டேதான். தொலைவுக்குக் குறிபார்க்க என்ஃபீல்டில் ஏணி மாதிரி நிமிரும் அளவுகோல் இருக்கும். இதில் அசையாத ஓர் இரும்புத் துண்டு மட்டும். ரைஃபிள் பல நூறு கஜத்துக்குக் குறி தவறாமல் அடிக்கும். புரியில்லாத குழலை நூறு கஜத்துக்கு மேல் நம்ப முடியாது.

அணிவகுப்பில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். போர்க்களத்தில்தான் வித்தியாசம். 'உன்னை நம்புகிறேன்' என்று வெளியே சொல்லி, 'நம்பவில்லை' என்று உள்ளே எழுதியிருந்தார்கள். எந்தக் கவர்னர் ஜெனரலின் கடிதத்தையும்விட அந்த வழவழப்பான குழல் எனக்கு அதிகம் சொல்லிவிட்டது.

ஒரு படி கீழே

அதற்குப் பிறகு அலமாரியில் இருந்த மற்றவற்றையும் அவர் வரிசையாக எடுத்துக் காட்டினார். வரிசையில் ஒரு கணக்கு இருந்தது.

1866-இல் ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் முறைப்படி, பழைய என்ஃபீல்டின் பின்பக்கத்தைத் திறந்து மூடும்படி மாற்றினார்கள். வாய்வழியாக மருந்து கெட்டித்த காலம் போய், பின்வழியாகத் தோட்டா போடும் காலம் வந்தது. 1871-இல் மார்ட்டினி-ஹென்றி. கீழே ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் பழைய தோட்டாக்கூடு வெளியே குதிக்கும். 1888-இல் பல தோட்டாக்களை ஒரே சமயத்தில் நிரப்பிக்கொள்ளும் லீ-மெட்ஃபோர்டு.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மார்ட்டினி வந்த பிறகு, நம் சிப்பாய்க்கு ஸ்னைடர். அவனுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்த பிறகு, நமக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு படி கீழே. 1880 ஜூலை 27-இல் ஆப்கானிஸ்தானின் மைவாந்தில் பெரும் தோல்வி கண்ட படையில், பிரிட்டிஷ் 66-ஆம் படைப்பிரிவு மார்ட்டினி-ஹென்றியோடு நின்றது. அதே களத்தில், அதே எதிரிக்கு முன்னால், பம்பாய்ப் படைப்பிரிவுகள் ஸ்னைடரோடு நின்றன. சாவு மட்டும் படி பார்க்கவில்லை.

பீரங்கிப் படையையும், சில மலைப் பீரங்கிப் பிரிவுகள் நீங்கலாக, வெள்ளைக்காரர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பொதுமக்களையும் விடவில்லை. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அப்பத்தாவின் குரலில் இருந்த பயம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? அது ஒருநாள் பயமில்லை. தலைமுறை தலைமுறையாக ஊட்டிய பயம்.

இந்த ஒரு படி எப்போது மறைந்தது? 1914-இல் முதல் உலகப் போருக்காகப் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைக்கு, அங்கே வைத்துத்தான் பழைய ரைஃபிளை வாங்கிக்கொண்டு புதிய லீ-என்ஃபீல்டைக் கொடுத்தார்கள். ஜெர்மானியர் எதிரே நிற்கும்போது நம்பிக்கை தானாக வந்துவிட்டது!

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே வங்காளத்தில் இச்சாபூரில் ரைஃபிள் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியிருந்தது. இடத்தைப் பாருங்கள்: மங்கள் பாண்டேயின் பாரக்பூருக்கு அருகிலேயே, அதே ஹூக்ளி ஆற்றங்கரையில். யாரிடம் ரைஃபிளைக் கொடுக்கப் பயந்தார்களோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் கொண்டே ரைஃபிள் செய்ய வேண்டிவந்தது. என்.சி.சி.யில் நான் சுமந்ததும் இச்சாபூர் ரைஃபிள்தான். 1950-க்குப் பிறகு செய்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. 1962 சீனப் போரில் நம் வீரர்கள் கையில் இருந்ததும் அந்த .303 தான். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பில்! இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள், முன்கட்டையில் இருக்கும் ஒரு கூடுதல் திருகாணியை வைத்தே "இது இச்சாபூர்" என்று அடையாளம் சொல்கிறார்கள்.

இதயம் கிடைத்தது, துப்பாக்கி இல்லை

கடைசியாகப் பெரியவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு நீளமான மஸ்கட்டை எடுத்தார். 'பிரவுன் பெஸ்' என்று சொல்வார்களே, அதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்த இந்திய மாதிரி. தகட்டைப் பார்த்ததும் என் கையில் இருந்த தேநீர்க் கோப்பை ஆடிவிட்டது. இதய வடிவம். நாலு கட்டம். நாலு எழுத்து.

"இது கம்பெனியின் முத்திரை. 1808-இல் இதை விட்டுவிட்டு, கிரீடம் ஏந்திய சிங்கத்துக்கு மாறினார்கள். ஆகவே இதய முத்திரை இருந்தால் அதற்கு முந்தையது என்று கொள்ளலாம்" என்றார்.

1808-க்கு முன்னால்! சிவகங்கைச் சீமையில்! 1799-இல் கட்டபொம்மன், 1801-இல் மருது சகோதரர்கள், 1806-இல் வேலூர்க் கோட்டை. அந்தத் துப்பாக்கி எந்த வழியாக அந்தப் பரணுக்கு வந்தது? கம்பெனிச் சிப்பாய் ஒருவன் கொண்டுவந்ததா, அவனிடமிருந்து யாராவது பிடுங்கியதா, பின்னாளில் யாரோ வேட்டைக்கு விலைக்கு வாங்கியதா? பூட்டுத் தகட்டில் வருஷம் இருந்திருக்கலாம். கட்டையில் படைப்பிரிவு இருந்திருக்கலாம். இனி யாரும் சொல்ல முடியாது. கட்டை அடுப்பில் எரிந்தது, இரும்பு உருகிப்போனது.

அன்றிரவே தோழனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எடை போட்டப்போ நாலு கிலோ சொச்சம்னு மாமா சொன்னது ஞாபகம் இருக்குடா. எத்தனை ரூபா வந்துச்சுங்கிறதுதான் ஞாபகம் இல்லே" என்றான்.

நாங்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். தஞ்சை அரச மரபு முடிந்த பிறகு, 1860-களில், அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தபோது பெரும்பகுதியை உடைத்துத்தான் போட்டார்கள். தப்பியவற்றில் ஒரு பகுதியைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். இதற்கு மாறாக நேபாளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில், 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் பல்லாயிரம், தூசியும் அழுக்கும் மூடி அடுக்கடுக்காகக் கிடந்தன. பிரவுன் பெஸ், என்ஃபீல்டு, மார்ட்டினி, நேபாளத்திலேயே செய்த கஹேந்திரா ரைஃபிள், எல்லாம். 2003-இல் அமெரிக்க வணிக நிறுவனங்கள் இரண்டு அவற்றை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றின. தேவநாகரி எண்கள் பொறித்த அந்தத் துப்பாக்கிகள் இன்று மேலைநாட்டு வீடுகளின் சுவர்களில் தொங்குகின்றன. உருக்கப்படவில்லை என்று மகிழ்வதா, ஊரை விட்டுப் போனதே என்று வருந்துவதா? எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

மாணவர்களுக்கு

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, தாத்தா என்ற உரிமையில் மூன்று வார்த்தைகள்.

ஒன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் பெட்டியிலோ இப்படி ஏதாவது இருந்தால், சுட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே பழைய மருந்து கெட்டித்தபடியே இருக்கக்கூடும். தேய்க்கவும் தேய்க்காதீர்கள். எழுத்தையும் முத்திரையையும் அப்படியே படம் பிடியுங்கள். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொல்வதை எழுதி வையுங்கள்.

இரண்டு. சட்டத்துக்குப் பயந்து அழிக்காதீர்கள், சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத வழக்கொழிந்த, பழம்பொருள் ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. சுடக்கூடிய நிலையில் இருந்தால், எத்தனை பழையதானாலும் உரிமம் வேண்டும். அதை நீங்களே தீர்மானிக்காமல், விவரம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்டு முறைப்படி தெரிவியுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று. வரலாறு புத்தகத்தில் மட்டும் இல்லை. உங்கள் கைக்கு வரும் எந்தப் பழைய பொருளையும் ஹவில்தார் சொன்ன மாதிரிப் பாருங்கள்: வெளியில் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள்.

அந்தத் தோழனும் இந்த ஆண்டு சந்திப்புக்கு வருகிறான். துப்பாக்கி இல்லாவிட்டாலும் துப்பாக்கி பார்த்த சாட்சிகள் இருவர் இருக்கிறோம். மதியச் சாப்பாட்டுப் பந்தியில் யார் வேண்டுமானாலும் எங்களிடம் கேட்கலாம். பூரி மசால் இருந்தால் கதை இன்னும் கொஞ்சம் நீளும்!

வளர்க நம் கல்லூரி! வணக்கம்.